நிதானச் சேவை

"ஆர்டர் போட்டு பதினெட்டு நாள் ஆகிறது. கல் வரவில்லை. மலையிலிருந்து தானாக உருண்டு வந்திருந்தால்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். ஒரு நட்சத்திரம். பூஜ்யம் போட இந்தத் தளத்தில் வழியில்லை."

நிறுவனர் இதை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டுச் சுழல் நாற்காலியில் அரை வட்டம் அடித்தார். முழு வட்டம் அடிக்க இடமில்லை. ஒரு பக்கம் துணி அலமாரி, மறு பக்கம் இஸ்திரி மேஜை. படுக்கையறையின் இந்த மூலைக்குத்தான் 'தலைமை அலுவலகம்' என்று பெயர். சுவரில் ஒரு பலகை: 'நிறுவனர்'. அவரே எழுதி, அவரே ஆணி அடித்து, அடிக்கும்போது அவரே விரலை நசுக்கிக்கொண்டது.

"இந்த ஆளுக்கு அவசரம் பாரு," என்றார். "பேப்பர் வெயிட்டு என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?"

"பதினெட்டு நாளா அவரு பேப்பரையெல்லாம் கையால அமுக்கிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரோ என்னவோ," என்றாள் மனைவி. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கும் வேலை அவளுக்கு. காத்திருப்பவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"உனக்கு வியாபாரம் புரியாது."

"புரியாதுதான். இந்தச் சட்டைக்குக் கஞ்சி போடணுமா? திங்கக்கிழமை லீவு முடிஞ்சு ஆபீஸ் போறீங்களே, அன்னிக்கு இதைப் போட்டுக்கங்க."

நிறுவனர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சட்டையை ஹேங்கரில் மாட்டித் தலைமை அலுவலகத்தின் நேர் எதிரே தொங்க விட்டாள். நேற்று ஒன்று, இன்று ஒன்று. திங்கட்கிழமைக்குள் ஆறு சட்டை தொங்கும். ஆறும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏனென்றால் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

*

பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடம் தபால் பிரிவைக் கட்டி ஆண்டவர் அவர். வருகிற தபாலுக்கு ஒரு பதிவேடு, போகிற தபாலுக்கு ஒரு பதிவேடு, நடுவில் அவர். எதை அனுப்பச் சொன்னாலும் அதிலிருந்து கொஞ்சம் செலவைப் பிடுங்கி மிச்சம் பிடித்துவிடுவார். விரைவுத் தபால் என்று குறித்துக் கொடுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புவார். பதிவுத் தபால் என்றால் சாதாத் தபால். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயரே 'சாதாத் தபால்'தான். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை பெரிய டெண்டர் ஒன்றைச் சாதாத் தபாலில் அனுப்பினார். கடைசித் தேதிக்கு நான்கு நாள் கழித்து அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. டெண்டர் போனதைப் பற்றி மேனேஜர் ஒரு மணி நேரம் பேசினார். தபால் செலவு மிச்சமானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் நிறுவனருக்கு ஒரு விஷயம் தெளிவானது: இந்த உலகத்தில் திறமைசாலிக்கு இடம் கிடையாது, அவனே ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

என்ன நிறுவுவது என்று மேஜையைப் பார்த்தார். மேஜையில் பேப்பர் வெயிட் இருந்தது.

நான்கு வாரம் லீவு போட்டார். கல் அறுக்கும் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி, வட்டமாகத் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொன்னார். இணையத்தில் 'நிலைபேறு' என்று கடை திறந்தார். 'உங்கள் எண்ணங்கள் பறக்கட்டும், காகிதங்கள் அல்ல' என்று எழுதி வைத்தார். கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'டெலிவரி இலவசம்'.

முதல் வாரத்திலேயே நாற்பது ஆர்டர். எண்ணங்களைப் பறக்க விடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று பூரித்தார். இலவசத்துக்காக எதையும் வாங்குகிறவர்கள் என்பது மனைவியின் கணிப்பு.

அப்புறம்தான் கல்லுக்கு எடை உண்டு என்பது அவருக்குத் தெரிய வந்தது. கடைக்கான பக்கத்தில் பொருளை எப்படி அனுப்புவது என்று மூன்று கட்டம் இருந்தது. எக்ஸ்பிரஸ், ஒரே நாள். ஸ்டாண்டர்டு, ஐந்து நாள். எகானமி, 'பன்னிரண்டு நாள், தோராயமாக'. எக்ஸ்பிரஸில் ஒரு கல்லை அனுப்பும் செலவுக்கு நாலு கல் வாங்கலாம். நிறுவனரின் விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் அது. நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போய் நின்றது. 'தோராயமாக' என்ற சொல்லை அவர் ஒரு மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டார்.

லீவின் மூன்றாம் நாளே ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிவிட்டார். நேரில் போய்க் கொடுக்கலாம்தான். நேரில் மேனேஜர் இருப்பார். அதனால் கடையின் முதல் ஆர்டரை மேனேஜர் பெயரில் தானே போட்டு, நல்ல கல்லாக ஒன்றைப் பொறுக்கி, அதைச் சுற்றிக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

'ஐயா, பத்தொன்பது வருடங்கள் உங்கள் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டேன். என் அருமை உங்களுக்குத் தெரியவில்லை. இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன். இனி எனக்குப் பதிலாக இந்தக் கல்லை வைத்துக்கொள்ளுங்கள்.'

கடைசி வரியை எழுதிவிட்டு நாற்காலியில் ஒரு அரை வட்டம் அடித்தார். பெட்டியின் மேல் பார்சல் எண் ஒன்று என்று ஒட்டி, 'பெயருக்குரியவரிடம் மட்டும் கொடுக்கவும்' என்று சிவப்பில் எழுதி, அன்றே எகானமியில் அனுப்பினார்; மற்ற நாற்பதும் ஆர்டர் வர வரப் பின்னாலேயே போயின.

மேனேஜரிடமிருந்து இருபது நாளாக ஒரு சத்தமும் இல்லை. வாயடைத்துப் போயிருப்பார் என்று நிறுவனர் நினைத்துக்கொண்டார். மனைவியிடம் எப்போது சொல்வது? அதற்கும் ஒரு முகூர்த்தம் குறித்து வைத்திருந்தார். கடைக்கு முதல் ஐந்து நட்சத்திரம் என்று வருகிறதோ அன்று. அதைத் திரையில் காட்டிவிட்டு, அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுவது.

அந்த நட்சத்திரம்தான் வந்தபாடில்லை.

*

அந்தப் பதினெட்டு நாள் புகாரைப் படித்த கையோடு வார்த்தையை மாற்றிப் பார்த்தார். 'எகானமி' என்று போட்டிருப்பதால்தான் ஜனங்கள் மட்டமாக நினைக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த இடத்தில் 'நிதானச் சேவை' என்று எழுதினார். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போனது: 'உங்கள் கல் அவசரமின்றி, பதற்றமின்றி, உங்களை நோக்கிப் பயணித்துக்கொண்டிருக்கிறது. நிதானம் எங்கள் கொள்கை.'

அதுவரை புகார் சொன்னவர்கள் எட்டுப் பேர். மற்றவர்கள் ஆர்டர் போட்டதையே மறந்திருந்தார்கள். கடிதம் வந்ததும் அவர்களுக்கும் நினைவு வந்துவிட்டது. மாலைக்குள் இருபத்தொன்பது புகார்.

"தூங்கறவங்களைத் தட்டி எழுப்பி, 'உங்களுக்கு இன்னும் சோறு வரல'ன்னு சொல்லியிருக்கீங்க," என்றாள் மனைவி.

அதற்கு முந்தின வாரம் செய்த வேலை இன்னொன்று. எடைதானே பிரச்சினை? எடையைக் குறைத்துவிட்டால் ஸ்டாண்டர்டிலேயே அனுப்பலாமே. பொம்மை செய்யும் ஒருவரைப் பிடித்து, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கல் செய்யச் சொன்னார். பார்ப்பதற்கு அச்சு அசல் கல். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. மிகவும் கோபமாக இருந்த ஐந்து பேருக்கு, கல் வரும்வரை வைத்துக்கொள்ளும்படி ஆளுக்கொன்று அனுப்பினார். அது மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தது. நான்காம் நாள் ஒருவர் எழுதினார்:

'மின்விசிறி போட்டேன். முதலில் பறந்தது பேப்பர் வெயிட். அதைப் பிடிக்க நான் எழுந்தபோது காகிதங்கள் பறந்தன. ஒரு நட்சத்திரம்.'

அன்று கடைக்கு ஐந்து நட்சத்திரம் வந்தது. ஐந்து பேர், ஆளுக்கொன்று.

*

புதன்கிழமை காலை நிறுவனர் கூரியர் கிளைக்கே போய்விட்டார். மெயின் ரோட்டில், ஷட்டர் பாதி இறங்கிய ஒரு கடை. உள்ளே ஒரு மேஜை, ஒரு தராசு, பார்சல் குவியல், கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலில் கூரியர்காரர். கிளைக்கு முதலாளி, எடை போடுபவர், பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. நிறுவனர் மரியாதை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றார். கூரியர்காரர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஸ்டூல் சாய்ந்துவிடும்.

"என் பார்சலெல்லாம் இப்ப எந்த ஊர்ல இருக்கு?" என்றார் நிறுவனர்.

"எந்த ஊருக்கும் போகல சார். இங்கதான் இருக்கு."

நிறுவனர் பார்த்தார். மேஜையில் அடுக்கடுக்காக ரசீதுகள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றிலும் 'நிலைபேறு' என்ற எழுத்து. ஷட்டர் காற்றில் ஆடாமலிருக்க அதன் கீழே மூன்று பெட்டி. ஸ்டூலின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்து ஒரு பெட்டி.

"இது என்னய்யா அநியாயம்!"

"காத்து சார். ரோட்டோரம் பாருங்க, ஒரு பில்லு நிக்க மாட்டேங்குது. உங்க பார்சல் வந்ததிலேருந்துதான் நிம்மதியா இருக்கேன். நல்ல சரக்கு சார்." மனதாரச் சொன்னார். நிறுவனரின் பொருளை ஒருவர் பாராட்டுவது அதுதான் முதல் முறை. அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

"இருபது நாளா ஏன் அனுப்பல?"

"எகானமின்னா வண்டி ரொம்பினாதான் சார் கிளம்பும். ரொம்பவே மாட்டேங்குதே. எல்லாரும் எக்ஸ்பிரஸ்ல போறாங்க. எகானமிக்கு இந்த ஏரியாவில நீங்க ஒருத்தர்தான்."

"அந்த ஒண்ணாம் நம்பர்? அது இதே ஊருதானே, நாலு தெரு தள்ளி?" குவியலைப் பார்த்தபடியே கேட்டார். அந்தப் பெட்டி கண்ணில் படவில்லை.

"எகானமியில உள்ளூருன்னு ஒண்ணு கிடையாது சார். எதிர் வீடா இருந்தாலும் மெயின் சென்டர் போய்த்தான் திரும்பி வரணும். அதெல்லாம் மொதல்ல வந்த சரக்கு. மூட்டையில இருக்கோ, இருபது நாளைக்கு முன்னால கடைசியாக் கிளம்பின வண்டியில ஏறிடுச்சோ... பாக்கணும்."

மேனேஜரின் மௌனத்தை நினைத்துப் பார்த்தார் நிறுவனர். அது கடிதம் படித்து வாயடைத்துப் போன மௌனமாகத்தான் அவருக்குப் பட்டது. ஒன்றாம் எண் அந்த வண்டியிலேயே போயிருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். அதைவிடப் பெரிய கவலை அவருக்கு அப்போது இருந்தது.

"வண்டி ரொம்பினா கிளம்பும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

நிறுவனரின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் மனைவி வீட்டிலிருக்கும் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அன்று அவள் கிளினிக்கில் இருந்தாள்.

சந்தைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டி வந்த காலி அட்டைப்பெட்டியாக ஆறு வாங்கினார். ஆறையும் ஒட்டிக் கட்டினார். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. காற்றுக்கு எடை இல்லை, எடைதான் கணக்கு, எகானமியில் செலவு கொசுறு. பெறுநர் முகவரிக்குத் தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வண்டி நிரம்பும், கிளம்பும், கற்களும் கூடவே போகும். பத்தொன்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

வண்டி நிரம்பியது. கிளம்பியது.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஆறு பெட்டிகள் நின்றன. நிறுவனர் அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தார்.

"என்னங்க, ஃப்ரிட்ஜா வாங்கினீங்க? ஆறா?" அவள் குரலில் ஒரு கணம் ஒளி இருந்தது.

"காலிப் பெட்டி."

"யாரு அனுப்பினா?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் பக்கவாட்டில் நுழைந்து சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் கூரியர்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. "சார், உங்க பெரிய பெட்டி ஆறும் ஏத்தினதுல வண்டி ரொம்பிடுச்சு. கல்லு மூட்டைக்கு இடம் இல்ல. இங்கயேதான் இருக்கு. அடுத்த வண்டிக்குப் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு சார், எகானமி ஒரே நாள்ல போய்த் திரும்பினது இதுதான் முதல் தடவை."

அதே மாலை, கடைக்கு இடம் கொடுத்திருந்த தளத்திலிருந்து ஒரு அறிவிப்பும் வந்தது. நட்சத்திரச் சராசரி ஒன்றாக இருக்கும் கடைகள் ஞாயிற்றுக்கிழமையோடு நீக்கப்படும்.

பெட்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "போனாப் போகுது விடுங்க. திங்கக்கிழமையிலேருந்து எப்படியும் ஆபீஸ் இருக்கு. அந்தச் சம்பளம் இருக்கறவரைக்கும் நமக்கென்ன?"

பெட்டிகள் நடுவில் இருந்தது அவருக்கு வசதியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, காலியான ஒரு பொருள் அவருக்கு உதவியாக இருந்தது. இருவரும் அன்று ஆளுக்கொரு பக்கம் சாப்பிட்டார்கள். எதிரே நான்கு சட்டைகள் தொங்கின.

*

வெள்ளிக்கிழமை காலை அவர் வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்ய முடிவு செய்தார். எல்லாப் பார்சலையும் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுவது. சனிக்கிழமை கல் போய்ச் சேரும், ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரம் வரும், கடை பிழைக்கும். அதற்குக் கொடுக்க அவரிடம் கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றைத் தவிர.

சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டே மெயின் ரோட்டுக்குப் போனார். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். "வண்டியா சார்?" என்றார் ஒருவர். நிறுவனர் காது கேட்காதவர் போல உருட்டினார். ஒரு சக்கரம் மட்டும் கீச்சுக் கீச்சென்று அழுதுகொண்டே வந்தது.

கூரியர்காரர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி வந்தார். உட்கார்ந்தார். சாய்ந்தார். முழு வட்டம் அடித்தார். அவர் கடையில் அதற்கு இடம் இருந்தது.

"நிஜமாவா சார்? எனக்கா?"

"எல்லாம் எக்ஸ்பிரஸ்ல போகணும். ஒண்ணுகூட விடக்கூடாது. இங்க ஏதும் தங்கினதுன்னு நான் கேள்விப்படக்கூடாது."

"சார், மேல ஆகிற செலவு என்னோடது. இப்பவே மூட்டையைப் பிரிக்கிறேன். நீங்க நிம்மதியாப் போங்க. நாற்காலி குடுத்தவருக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன். பெத்த தகப்பன்கூட எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கித் தரல சார்." கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நிறுவனர் வீட்டுக்கு வந்து, நாற்காலி இருந்த இடத்தில் ஒரு காலிப் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பெட்டி மெதுவாக உள்வாங்கியது.

*

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஃபோன் அடித்தது. பம்பு கம்பெனி அட்டெண்டர்.

"சார், சாதா சார்! நல்லா இருக்கீங்களா? லீவெல்லாம் எப்படிப் போச்சு?"

"என்ன விஷயம்?" என்றார் நிறுவனர் விறைப்பாக. பழைய சகாக்கள் இனி தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லலாமா என்று யோசித்தார்.

"ஒண்ணுமில்ல சார். திங்கக்கிழமை வந்துருவீங்கல்ல? உங்க மேஜையைத் துடைச்சு வெச்சுட்டுத்தான் கிளம்பினேன்."

"மேஜையா? என் மேஜையா?"

"பின்ன யாரு மேஜை? நாலு வாரமாத் தபாலெல்லாம் கண்டபடி கிடக்கு சார். மேனேஜர் தினமும் காலண்டர் முன்னால நின்னுட்டு, நீங்க வர இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு எண்ணறாரு. எண்ணிட்டு ஒரு பெருமூச்சு. எங்களுக்கே பாவமா இருக்கு சார்."

நிறுவனர் காலிப் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். "அவருக்கு... என்கிட்டேருந்து எதுவும் வரலையா? ஒரு பெட்டி மாதிரி?"

"ஒண்ணும் வரலையே சார். என்ன பெட்டி?"

வரவில்லை. மூட்டையில் கிடந்த பெட்டிகளோடுதான் அதுவும் கிடந்திருக்கிறது. அவரைக் கவிழ்த்த எகானமி, அவர் வேலையை மட்டும் இருபத்து நான்கு நாள் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. கடை போகட்டும். கல் போகட்டும். பலகையைக் கழற்றிவிடலாம். திங்கட்கிழமை அந்த ஆறு சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டால், மனைவிக்குச் சொல்வதற்கென்று எதுவுமே இல்லை. மேனேஜர் ஏங்கிப் போயிருக்கிறார். பெருமூச்சு விட்டிருக்கிறார். மனிதருக்கு அருமை இப்போதாவது தெரிந்ததே!

அவர் கண்களில் நீர் தளும்பியது. தளும்பிய வேகத்திலேயே வற்றியது.

எக்ஸ்பிரஸ்.

"இங்க பாருங்க," என்று கத்தினார் ஃபோனில், "இன்னிக்கு ஒரு சின்னப் பார்சல் வரும். மேனேஜர் கைக்குப் போகாம நீங்க வாங்கி ஓரமா வெச்சுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"அய்யோ சார், இன்னிக்கு சனிக்கிழமை. எனக்கு அரை நாள். நான் பஸ் ஸ்டாண்டுலேருந்துல்ல பேசறேன்? ஆபீஸ்ல இப்ப மேனேஜர் மட்டும்தான் தனியா உக்காந்திருக்காரு."

கூரியர் கிளை எண்ணை அழுத்தினார். இனிய குரல் ஒன்று, எக்ஸ்பிரஸ் வாடிக்கையாளர்கள் ஒன்றை அழுத்தவும், எகானமி வாடிக்கையாளர்கள் காத்திருக்கவும் என்றது. அவர் விரல், பழைய பாசத்தில், எதையும் அழுத்தாமல் காத்திருந்தது. புல்லாங்குழல் வாசித்தார்கள்.

செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினார். முனையில் டாக்ஸி ஒன்று காலியாக நின்றது. பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. நல்ல நாளில்கூட டாக்ஸிக்குக் கை நீட்டியதில்லை அந்தக் கை. இன்றைக்கு நீட்டத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். கால் அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டது.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. ஒரு இடத்தில் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். "கொஞ்சம் சீக்கிரம் போகக்கூடாதா?" என்று நிறுவனர் கண்டக்டரிடம் கெஞ்சினார்.

"சீக்கிரம் போகணும்னா டாக்ஸியில போயிருக்கலாமே சார்," என்றார் கண்டக்டர். "நாங்க நிதானமாத்தான் போவோம்."

*

ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. அடியில் பெட்டிகள் இல்லை. மேஜையிலிருந்த ரசீதுகள் தரையெல்லாம் பறந்து கிடந்தன. ஒரு பெட்டி, ஒரு கல் பாக்கியில்லை. கூரியர்காரர் நாற்காலியில் சாய்ந்து, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். நிறுவனரைக் கண்டதும் ஒரு முழு வட்டம் அடித்துக் கைகூப்பினார்.

"வாங்க சார்! சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். ஒண்ணுகூட இங்க இல்ல!"

"ஒண்ணாம் நம்பர்," என்றார் நிறுவனர். மூச்சு இரைத்தது. "ஒண்ணாம் நம்பர் எங்க?"

"மத்ததெல்லாம் ஹைவேயில நிக்குது சார். வண்டி டயரு போச்சாம், நாளன்னிக்குத்தான் நகரும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆனா அந்த ஒண்ணாம் நம்பர் உள்ளூரு பாருங்க. எக்ஸ்பிரஸ்ல உள்ளூருன்னா நேராவே குடுக்கலாம். உங்களுக்காக நானே பைக்கை எடுத்துட்டுப் போனேன். அரை மணி நேரம்கூட ஆகல, குடுத்துட்டு இப்பதான் வந்து உக்காந்தேன்."

நிறுவனர் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே முட்டுக் கொடுத்திருந்த கல் போயிருந்ததால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவரும் சாய்ந்தபடியே கேட்டார்:

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"பேருக்குரியவர்கிட்டதான். நீங்கதான் சிவப்புல எழுதியிருந்தீங்களே. நல்ல மனுஷன் சார் அவரு. நான் போறப்ப ரொம்ப வாட்டமா இருந்தாரு. 'என்னய்யா, திங்கக்கிழமைக்கு முன்னாலேயே ஏதாவது வந்துருச்சா'ன்னு பெருமூச்சு விட்டாரு. அப்புறம் பெட்டியைப் பிரிச்சு அந்தக் கடுதாசியைப் படிச்சாரு பாருங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. படிக்கப் படிக்க மூஞ்சி அப்படியே மலர்ந்துருச்சு. சட்டுனு பேனா எடுத்து, அது மேலேயே 'ஏற்றுக்கொள்ளப்பட்டது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்திட்டாரு. அப்புறம் கல்லைக் கையில ஏந்திக்கிட்டுப் பக்கத்து ரூமுக்குப் போனாரு. அங்க ஒரு காலி மேஜை. சுத்தமாத் துடைச்சு வெச்சிருந்தாங்க. அது நடுவுல கல்லை வெச்சுட்டு, ரெண்டடி பின்னால தள்ளி நின்னு ரசிச்சாரு சார். எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

தரையில் ஒரு ரசீது பறந்து வந்து நிறுவனரின் காலில் ஒட்டிக்கொண்டது.

"இதுல என்ன சார் வருத்தம்? இதைப் பாருங்க, உங்க கடைக்கு மொத அஞ்சு நட்சத்திரம்!" என்று கூரியர்காரர் தன் ஃபோனை எடுத்து நீட்டினார். "என் ஃபோனை வாங்கி அவரே கைப்பட எழுதினாரு, படிக்கறேன் கேளுங்க: 'ஒரு வாரம் வைத்துப் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. முன்னால் அந்த இடத்தில் இருந்ததைவிட இது எவ்வளவோ தேவலை.'"